வாடகைச் சேமிப்பறைகளில் தட்பவெப்பக் கண்காணிப்பு

செல்ஃப் ஸ்டோரேஜ் எனப்படும் வாடகைச் சேமிப்பறைக் கூடங்களில் காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நாள்தோறும் அளந்து, வரம்பு மீறினால் சரிசெய்யும் நடைமுறை. இக்கூடங்கள் 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தனித் தொழிலாக உருவாயின. குளிரூட்டப்பட்ட அறைகள் பின்னர் வந்தன.

தேவை: ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் தாள், துணி, தோல் ஆகியவற்றில் பூஞ்சை படரும்; காற்று மிக வறண்டால் மரம் சுருங்கி வெடிக்கும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் ஈரமே முதன்மையான இடர்.

முறை: நடைபாதைகள், மேல்தளம், சரக்கு இறக்கும் வாசல் ஆகிய இடங்களில் உணரிகள் பொருத்தப்படும். பணியாளர் அளவீடுகளை முந்தைய நாளுடன் ஒப்பிடுவார். காற்று வடிகட்டி, ஈரநீக்கி, குளிரூட்டியின் வடிகுழாய் ஆகியவற்றையும் பார்வையிடுவார். 30 பாகை செல்சியஸில் 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 21 பாகை. கதவைத் திறந்துவைத்தால் இக்காற்று உள்ளே புகுந்து, அந்தப் பனிநிலையைவிடக் குளிர்ந்த சுவர்களில் நீராகப் படியும்.

சரிபார்ப்பு: மூடிய கலத்தில் வைத்த நிறைவுற்ற சமையலுப்புக் கரைசலின் மேலுள்ள காற்று, 25 பாகையில் ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதம் கொண்டிருக்கும். ஈரமானியின் பிழையை இதைக்கொண்டு அறியலாம்.

வரம்பு: உணரிகள் பெரும்பாலும் பொதுவெளியையே அளக்கின்றன. பூட்டிய அறைக்குள் வாடகைதாரர் ஈரத்துடன் வைத்த பொருளை அவை காட்டிக்கொடுப்பதில்லை.