துணி மடிப்பும் கணனித் திரையும்

ஊரிலே புவியியல் கற்பித்த நாட்களில் மடிந்த பாறைப் படைகளை நாம் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். முன்புற வெட்டுமுகம் மாணவருக்கு விளங்கியது. பாறை அதன் பின்னால் எவ்விதம் செல்கின்றது என்பது விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், எமக்கே முழுதாய் விளங்கியதில்லை.

இத்தொல்லை பழையது. 1788இல் ஜேம்ஸ் ஹட்டனுடன் ஸ்கொட்லாந்தின் சிக்கார் முனைக்குப் படகிற் சென்றவர் சேர் ஜேம்ஸ் ஹோல். 1815இல் அச்சான தமது கட்டுரையில் அவர் ஒரு பரிசோதனையை விவரித்தார். துணிகளை அடுக்கி, மேலே கழற்றிய கதவொன்றை வைத்துப் பாரம் ஏற்றிப் பக்கங்களிலிருந்து நெருக்கினார். துணிகள் கடற்கரைப் பாறைகளைப் போலவே மடிந்தன.

1981இல் மார்க் ஜெசல், லண்டன் பல்கலைக்கழக முதுமாணி ஆய்வுக்காக 'நொடி' என்னும் கணனி நிரலை எழுதினார். (விடுகதையை நாமும் நொடி என்போம், பெயர் பொருந்தியே இருக்கின்றது.) இங்கே புவிச் சரித்திரத்தை வரிசைப்படுத்துபவர் மாணவரே. முதலில் படைகளை மடித்துப் பின்னர் குறையை ஏற்படுத்தினால் குறைத்தளம் நேராய் நிற்கும். வரிசையை மாற்றினால் அதுவும் சேர்ந்து மடியும்.

பின்னாளில் கனடாவில் ரோவன் கொக்கெற் உருவாக்கிய 'விசிபிள் ஜியாலஜி'யில் பாறைக் கட்டியையே சுழற்றிப் பார்க்கலாம். அண்மையில் எம் மகள் அதைத் திருப்பிக் காட்டினாள். கரும்பலகையில் நாம் வரைய முடியாதிருந்த பின்புறத்தை அன்றுதான் கண்டோம்.