ராஜா செத்தால் ஆட்டம் முடிந்ததா?

பரீட்சை நெருங்கும்போதுதான் எனக்கு ஊரில் இல்லாத சந்தேகமெல்லாம் வரும். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போன வாரம் யோசித்தது இது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 தெரியாதவர்களுக்கு: மரம் வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, படை திரட்டி அடுத்தவன் நாட்டை அழிக்கும் கணினி விளையாட்டு. அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி 1999ல் வந்தது. அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசு லேப்டாப் கிடைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் நாலு லேப்டாப்பை இணைத்து, கூட்டுரோட்டு லாரிச் சத்தத்துக்கு நடுவே ராத்திரி ஆடுவோம்.

பலர் சேர்ந்து ஆடும்போது 'ரெஜிசைட்' என்று ஒரு முறை உண்டு. அரசனைக் கொல்லுதல் என்று பொருள். சாதாரண ஆட்டத்தில் எதிரியின் எல்லாவற்றையும் தேடி அழிக்க வேண்டும். தோற்கப் போகிறவன் காட்டு மூலையில் ஒரே ஒரு குடியானவனை ஒளித்து வைத்து நம் உயிரை எடுப்பான். ரெஜிசைட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆரம்பத்திலேயே ஆளுக்கு ஒரு கோட்டை, ஒரு ராஜா. ராஜா செத்தால் நூறு யானை இருந்தாலும் நீங்கள் அவுட். அந்த ராஜாவுக்குச் சண்டை போடவும் தெரியாது, உயிர்ப் புள்ளிகள் வெறும் 75. கோட்டையில் 400 தங்கம் கட்டி 'ட்ரீசன்' வாங்கினால் எதிரி ராஜா எங்கே இருக்கிறார் என்று ஒரு கணம் காட்டிக் கொடுக்கும். அதனால் எல்லோரும் ராஜாவைக் கோட்டைக்குள் பூட்டி வைப்போம்.

நம் ராஜாக்கள் அப்படி ஒளிந்தார்களா? யானை மேல் உட்கார்ந்து, எல்லாருக்கும் தெரியும்படி அல்லவா போனார்கள்!

எங்கள் பக்கத்துக் கதையே இருக்கிறது. வேப்பூரிலிருந்து சென்னை ரோட்டில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் வடக்கிலிருந்து வரும் ராஷ்டிரகூடர்களைத் தடுக்கப் படையோடு தங்கியிருந்ததும் இந்தத் திருமுனைப்பாடி நாட்டில்தான். 949ல் அரக்கோணம் அருகே தக்கோலத்தில் போர். கங்க மன்னன் பூதுகன் ராஜாதித்தனை யானை மேலேயே கொன்றான். (பூதுகனின் இந்த வெற்றியைச் சொல்லும் ஆதகூர்க் கல்வெட்டு, காட்டுப்பன்றியோடு சண்டையிட்டுச் செத்த காளி என்ற வேட்டை நாய்க்காக வைத்த நடுகல்! நாய்க்கு நடுகல் வைத்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.)

கவனியுங்கள், ராஜாதித்தன் இளவரசன்தான். ராஜா பராந்தகன் உயிரோடு இருந்தார். இருந்தும் படை கலைந்தது, தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. சோழர் முழுதாக நிமிர்ந்தது 985ல் ராஜராஜன் வந்த பிறகு. அசல் ரெஜிசைட்.

இப்போது 1054, கொப்பம். எதிரி சாளுக்கிய சோமேசுவரன். சோழ மன்னன் ராஜாதிராஜன் யானை மேலேயே இறந்தார். தக்கோலம் மாதிரியே படை கலையத் தொடங்கியது. அப்போது பின்னாலிருந்த தம்பி இரண்டாம் ராஜேந்திரன் முன்னால் வந்தார். அவருடைய யானையின் நெற்றியிலும் அவர் தொடையிலும் அம்பு தைத்தது என்கிறது அவரது மெய்க்கீர்த்தி. பின்வாங்கவில்லை. போர்க்களத்திலேயே முடி சூட்டிக்கொண்டார். ஓடியது சாளுக்கியப் படை!

ராஜாதித்தன், ராஜாதிராஜன் இருவருக்குமே 'ஆனைமேல் துஞ்சிய' என்ற பட்டம் உண்டு. சாவு ஒன்றுதான், முடிவு வேறு. தம்பியின் வீரம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ராஜராஜன் 1012லேயே மகன் ராஜேந்திரனைக் கூட ஆள வைத்தார். ராஜேந்திரன் 1018ல் ராஜாதிராஜனுக்குப் பட்டம் கட்டினார். இந்தத் தம்பியின் ஆட்சி ஆண்டுகளும் கொப்பத்துக்கு முன்பே, 1052லிருந்து எண்ணப்படுகின்றன. 'அடுத்தது யார்' என்று படையில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

பி.காம். படிப்பவனுக்கு இது உடனே புரியும். தனிவணிகம் முதலாளியோடு போய்விடும், கம்பெனி போகாது. கூட்டுரோட்டில் நன்றாக ஓடிய ஒரு கடை முதலாளி இறந்த ஒரே மாதத்தில் மூடியது. யார் எவ்வளவு பாக்கி என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவர் பையன் என் வகுப்புத் தோழன். அவனிடம் அன்று என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டுக்கு வருவோம். இதிலும் இரண்டு பேர் ஒரே எண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஒரே நாட்டைச் சேர்ந்து ஆளலாம். ஆனால் ரெஜிசைட்டில் இருவருக்கும் சேர்த்து ஒரே ராஜாதான். 2022ல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'வில் திராவிடர்கள் சேர்ந்தார்கள், ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கதைத் தொடரே வந்தது. ஆனால் கொப்பத்தை மட்டும் ரெஜிசைட்டில் ஆட முடியாது. யானையிலிருந்து ராஜா விழுந்ததும் 'நீங்கள் தோற்றீர்கள்' என்று வந்துவிடும், பின்னால் தம்பி வந்துகொண்டிருந்தாலும் :-)

அண்ணன் பொங்கலுக்கு வருகிறான். நானும் அவனும் ஒரே எண். மற்ற இரண்டு பேரும் ஜாக்கிரதை!