பிகினி: ஒரு தென்னந்தீவின் கதை

பிகினி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். மலர்க் குழு நண்பர்களும் தலைப்பைப் பார்த்துக் கொஞ்சம் திடுக்கிட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம்! நான் சொல்ல வந்தது அந்த நீச்சலுடைக்குப் பெயர் தந்த தீவைப் பற்றி.

பசிபிக் பெருங்கடலின் நடுவே மார்ஷல் தீவுகள் இருக்கின்றன. அவற்றின் வட பகுதியில், ஒரு காயலைச் சுற்றி மாலை கோத்தாற்போல் சில பவளத் திட்டுகள். அங்கே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் 'பிக்கின்னி'. 'பிக்' என்றால் மேற்பரப்பு, 'னி' என்றால் தேங்காய். தென்னை நிறைந்த தரை என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1820களில் அந்த வழியே வந்த ரஷ்யக் கப்பற்படைத் தலைவர் கோட்சபூ, தன்னுடன் வந்த இயற்கை விஞ்ஞானி எஷ்ஷோல்ட்ஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார். பிறகு ஆண்ட ஜெர்மானியர்கள் உள்ளூர்ப் பெயரைத் தங்கள் வாய்க்கு வந்தபடி 'பிகினி' என்று எழுதினார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அணுகுண்டைச் சோதிக்க அமெரிக்காவுக்கு ஓர் ஒதுக்குப்புறம் தேவைப்பட்டது. 1946 பிப்ரவரியில் ராணுவ ஆளுநர் வையட் தீவுக்கு வந்தார். மனித குல நன்மைக்காக, போர்களுக்கே முடிவு கட்டுவதற்காக, தற்காலிகமாக இடம் கொடுங்கள் என்று கேட்டார். தலைவர் ஜூடா சம்மதித்தார். ஆயுதத்தோடு நிற்கும் வல்லரசிடம் வேறு என்ன பதில் சொல்ல முடியும்? மார்ச் மாதம் 167 பேர் கப்பலேறினார்கள்.

ஜூலை 1 அன்று முதல் குண்டு வெடித்தது. நான்கே நாளில், ஜூலை 5 அன்று, பாரிஸில் லூயி ரேயார் என்பவர் தன் புது நீச்சலுடையை அறிமுகப்படுத்தினார். பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த 'பிகினி' என்ற பெயரையே அதற்கு வைத்தார். உடை உலகப் புகழ் பெற்றது. ஊர்க்காரர்களோ ரோங்கெரிக் என்ற தீவில் பட்டினி கிடந்தார்கள். 1948-இல் அவர்களைக் கிலி தீவுக்கு மாற்றினார்கள். அங்கே காயலே கிடையாது. காயலில் மீன் பிடித்தே வாழ்ந்தவர்களுக்கு அது சிறைதான்.

இனிமேல் வருவதை இன்ஜினியர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 1954 மார்ச் 1 அன்று 'பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. கணக்குப்படி 6 மெகாடன் வர வேண்டும். வந்ததோ 15 மெகாடன். ஹிரோஷிமாவைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! காரணம் ஒரே ஒரு அசம்ப்ஷன். எரிபொருளில் இருந்த லித்தியத்தில் லித்தியம்-6 மட்டுமே வேலை செய்யும், லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள். அதிவேக நியூட்ரான்கள் பட்டதும் அதுவும் உடைந்து டிரிட்டியத்தைக் கொடுத்தது.

தப்புக் கணக்கின் விலையைக் கொடுத்தவர்கள் கணக்குப் போட்டவர்கள் இல்லை. கிழக்கே இருந்த ரோங்கெலாப் தீவில் வெண்பொடி மழை போல் பெய்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் மீட்புக் கப்பல் வந்தது. தடை எல்லைக்கு வெளியே மீன் பிடித்த ஜப்பானியப் படகில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள். அதன் ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். அந்த ஏப்ரலிலேயே நம் பிரதமர் நேரு, சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார். ஆனாலும் 1958 வரை பிகினியில் மொத்தம் 23 குண்டுகள் வெடித்தன.

1968-இல், ஊர் திரும்பலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் அறிவித்தார். சில குடும்பங்கள் திரும்பின. புதிதாகத் தென்னங்கன்றுகளும் நட்டிருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. பவள மண்ணில் பொட்டாசியம் குறைவு. பீரியாடிக் டேபிளில் அதே வரிசையில் கீழே இருப்பது சீசியம். பொட்டாசியம் என்று எண்ணி மரம் சீசியம்-137-ஐ உறிஞ்சிக்கொண்டது. மரத்திலிருந்து தேங்காய்க்கு, தேங்காயிலிருந்து மனித உடம்புக்கு. 1978-இல் மறுபடியும் எல்லாரையும் வெளியேற்றினார்கள். தேங்காயின் பெயரைத் தாங்கிய ஊரில் தேங்காயைச் சாப்பிட முடியாமல் போனது!

2001-இல் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் 56 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பாயத்தின் கையில் இருந்த நிதி அதற்குப் போதவில்லை. 2010-இல் யுனெஸ்கோ பிகினியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஊருக்குக் கௌரவம் கிடைத்தது. ஊர்க்காரர்களுக்கு ஊர் கிடைக்கவில்லை.

தம்பிகளே, தங்கைகளே! நாளை நீங்களும் டிசைன் செய்வீர்கள், அசம்ப்ஷன் எழுதுவீர்கள். எழுதும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது பொய்த்துப் போனால் யார் தலையில் விழும்? அவரைக் கேட்டோமா? ஜூடாவிடம் 'தற்காலிகமாக' என்றுதான் சொன்னார்கள். அதைச் சொல்லி எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.