சாக்சபோன் இசையில் மேற்சுரங்கள்: ஓர் எல்லையின் வரலாறு

முன்னுரை

ஓர் இசைக்கருவியின் ஒலியெல்லையை வரையறுப்பவர் அதனைச் செய்தவரா, அதனை இசைப்பவரா என்னும் வினா இசை வரலாற்றில் சிந்திக்கத்தக்கது. கத்ரி கோபால்நாத் (1949-2019) கருநாடக இசைக்கு உரியதாக்கிக் காட்டியமையால் நம் நாட்டினர் நன்கறிந்த கருவி சாக்சபோன். அதன் மேல்எல்லை மேலைநாடுகளில் எவ்வாறு விரிந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

கருவியின் இயல்பு

பெல்ஜிய நாட்டின் தினான் நகரில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் (1814-1894) 1846இல் பிரான்சில் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இதன் குழல் நாதசுரத்தைப் போன்று கூம்பு வடிவினது. ஆயின் சீவாளிக்கு மாறாக ஒற்றை நாணலால் ஒலிப்பது. விசைகளின் வழி இயல்பாக எழும் சுரங்கள் ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயி அளவின.

இக்குழலின் துளைகள் அனைத்தையும் மூடி மிகத் தாழ்ந்த சுரத்தை ஊதினால், அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்ணுடைய மேற்சுரங்களும் அதனுள் அடங்கி ஒலிக்கும். தாழ்ந்த சுரத்தைச் சட்சமாகக் கொள்வோமாயின் இரண்டாம் சீரிசை மேற்சட்சம். மூன்றாவது அதன் பஞ்சமம். நான்காவது அதற்கும் மேலுள்ள சட்சம். ஐந்தாவது அந்தர காந்தாரம். தம்புராவின் மந்தரத் தந்தியில் அந்தர காந்தாரம் தானே தோன்றுவதைக் கேட்டுணர்ந்தோர்க்கு இது புதிதன்று. சாக்சபோனில், விரல்களை மாற்றாமலேயே இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க இயலும். இயல்பெல்லைக்கு அப்பாற்பட்ட 'ஆல்டிசிமோ' சுரங்கள், மூன்றாவது முதலான உயர் சீரிசைகளைத் தனித்த விரலமைப்புகளின் துணையுடன் எழுப்புவதால் கிடைப்பவை. எனவே இவை கருவிக்குப் புறத்தேயிருந்து சேர்க்கப்பட்டவை அல்ல.

ராஷரின் பணி

இச்சுரங்களை அரங்க இசையில் நிலைநிறுத்தியவருள் முதன்மையானவர் ஜெர்மனியில் பிறந்த சிகுர்ட் ராஷர் (1907-2001). நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றிய 1933இல் அவர் தாயகம் நீங்கி டென்மார்க்கிற்கும், பின்னர் சுவீடனுக்கும் சென்றார். 1934இல் கிளாசுனோவ், லார்சன் ஆகியோரும், 1935இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் இபேரும் அவருக்கெனப் படைப்புகளை இயற்றினர். லார்சனின் படைப்பு உயர்சுரங்களை மிகுதியும் வேண்டி நிற்பது. இபேரின் சுரக்குறிப்பிலோ சில பகுதிகளை ஒரு ஸ்தாயி உயர்த்தியும் இசைக்கலாம் என்னும் விருப்பக்குறி இடம்பெற்றுள்ளது. ஒரே ஏட்டில் இரு எல்லைகள் அருகருகே நிற்பது, அக்காலத்தில் இச்சிக்கல் முடிவுறாதிருந்தமைக்குச் சான்றாகும்.

பாரிஸ் இசைக் கல்லூரியில் சாக்சே 1857 முதல் 1870 வரை நடத்திய வகுப்பு நின்றுபோய், 1942இல்தான் மீண்டும் தொடங்கியது. அதன் ஆசிரியராகப் பொறுப்பேற்ற மார்செல் மூல் (1901-2001) இயல்பெல்லைக்குள் ஒலிநயத்தைச் செம்மைப்படுத்துவதையே முதன்மையாகக் கொண்டார். ராஷரோ நான்கு ஸ்தாயி எல்லையை வற்புறுத்தினார். 1941இல் அமெரிக்காவில் வெளியான அவரது பயிற்சிநூல், விரலமைப்புப் பட்டியலுக்கு முன்னதாகச் செவிப்பயிற்சியை வைக்கின்றது. எழுப்பவேண்டிய சுரத்தை மாணவர் முதலில் மனத்தால் கேட்டாக வேண்டும் என்பதே அவர் கொள்கை.

செவிவழி மரபு

இதே காலப்பகுதியில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் வேறொரு வழியில் இவ்வெல்லையைக் கடந்தனர். இல்லினாய் ஜாக்கே 1944இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அரங்கில் எழுப்பிய உச்ச சுரங்கள் பெரிதும் பேசப்பட்டன. உயர்சுரத் திறத்தால் புகழ்பெற்ற ஏர்ல் பாஸ்டிக்கின் குழுவில் 1952இல் பணியாற்றிய ஜான் கோல்ட்ரேன், 1961இல் வெளியான 'கோல்ட்ரேன் ஜாஸ்' இசைத்தட்டின் 'ஹார்மொனிக்' என்னும் இசைக்கோவையில் ஒரே வேளையில் பல சுரங்களை ஒலிக்கச் செய்தார். ஏட்டுவழி மரபும் செவிவழி மரபும் ஒரே இயல்பைத் தனித்தனியே கண்டடைந்தமை இங்குக் கருதத்தக்கது.

அறிவியல் சான்று

2008இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இசைப்போரின் தொண்டை, வாயறை ஆகியவற்றின் ஒத்ததிர்வை இசைக்கும் போதே அளந்தனர். ஆல்டிசிமோ சுரங்களை எழுப்பும்போது தேர்ந்த கலைஞர்கள் இவ்வொத்ததிர்வை அச்சுரத்திற்கு அருகில் பொருத்திக்கொள்கின்றனர் என்பதும், பயிற்சி குறைந்தோர்க்கு இது கைவராமையால் அச்சுரங்களும் கைவரவில்லை என்பதும் தெரியவந்தன. இயல்பெல்லைக்குள் இத்தகைய பொருத்தம் இன்றியமையாததன்று.

முடிவுரை

இயல்பெல்லைக்குள் கருவி கலைஞரை வழிநடத்துகின்றது. அதற்கு மேலோ கலைஞரின் செவியும் மிடறும் கருவியை வழிநடத்துகின்றன. ராஷர் செவிப்பயிற்சியை முற்படவைத்தது வெறும் கற்பித்தல் விருப்பன்று, கருவியின் இயல்பை அறிந்து வகுத்த முறையே என்பது இதனால் புலனாகின்றது. செய்தவர் வகுத்த எல்லை தொடக்கமே. அதனை முற்றுவிப்பது இசைப்போரின் பயிற்சி. மிடற்றிசை, குழலிசை எனப் பிரித்துப் பேசும் மரபினையுடைய நாம், குழலுக்குள்ளும் மிடறு தொழிற்படுவதைக் கருத்திற்கொண்டு நம் காற்றுக் கருவிகளையும் இந்நோக்கில் ஆராய்தல் வேண்டும்.