சிந்திய கதிர் யாருக்கு?

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக் என்றொரு மாவட்டம் உண்டு. பழம்பெரும் பெனடிக்ட் சபைத் துறவுமடம் செழித்திருந்த பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரிலிருந்து வடக்கே சில மைல் சென்றால் டிம்வொர்த் என்னும் சிற்றூரை அடையலாம். 1787ஆம் ஆண்டு அறுவடை முடிந்தபின், அவ்வூரைச் சேர்ந்த மேரி ஹோட்டன் என்னும் பெண்மணி, ஜேம்ஸ் ஸ்டீல் என்னும் பண்ணையாரின் வயலில் இறங்கி, அறுத்தவர்கள் விட்டுச்சென்ற கதிர்களைப் பொறுக்கினார். அவருடைய தாயும் பாட்டியும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் இம்முறை பண்ணையார், தம் நிலத்தில் அத்துமீறி நுழைந்ததாக அப்பெண் மீதும் அவர் கணவர் மீதும் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றங்களுள் ஒன்றுக்குச் சென்று, 1788இல் நால்வர் அமர்ந்த ஆயத்தில் தீர்ப்பாயிற்று. ஒரு கூடைக் கதிருக்காக எழுந்த அவ்வழக்கை ஆங்கில நாட்டு வேளாண் வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்றாக அறிஞர்கள் இன்றும் எடுத்துப் பேசுகின்றனர்.

விவிலியம் படிக்கும் நமக்கு இச்செய்தி அயலானதன்று. வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்கலாகாது, சிந்திய கதிர்களைத் திரும்பப் பொறுக்கலாகாது, அவை எளியோருக்கும் அந்நியருக்கும் உரியவை என்னும் கட்டளை லேவியர் நூலிலும் இணைச்சட்ட நூலிலும் உள்ளது. இக்கட்டளையின் நுட்பத்தைச் சற்றே ஊன்றிக் கவனிக்கவேண்டும். உடைமையாளன் அறுத்து, அடித்து, அளந்து ஏழையின் கையில் கொடுக்கவேண்டும் என்று அது கேட்கவில்லை. அவன் தன் கையை நிறுத்திக்கொள்ளவேண்டும் என்றே கேட்கிறது. எஞ்சியதை ஏழை தன் உழைப்பால் தானே எடுத்துக்கொள்கிறான்; யாருக்கும் தலைவணங்கி நிற்கவேண்டியதில்லை. போவாசின் வயலில் ரூத்து மேற்பார்வையாளனிடம் கேட்டுக்கொண்டே பொறுக்கினாள் என்பது மெய்தான். எனினும் அவள் மோவாபு நாட்டவள், ஊருக்குப் புதியவள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மேரி ஹோட்டனின் மூதாதையர் வாழ்ந்த ஊர் எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அவ்வழக்கின் பொருள் விளங்காது. இடைக்கால இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வேறு பல பகுதிகளிலும் ஊர்நிலம் வேலியற்ற இரண்டு அல்லது மூன்று பெருவயல்களாக இருந்தது. ஒவ்வொரு பெருவயலும் நீண்ட குறுகிய பட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு குடியானவனுக்கு இங்கொரு பட்டை, அங்கொரு பட்டை என்று சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் தாழ்ந்த மண்ணும் எல்லார்க்கும் பங்காகும். மூன்று வயல் உள்ள ஊர்களில் ஒன்றில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வாற்கோதுமையோ பயறோ, மூன்றாவது தரிசு என்று ஆண்டுதோறும் முறை மாறும். அறுவடை முடிந்தவுடன் பட்டைக்கு உடையவன் யாராயினும் அரிதாள் நிலம் முழுவதும் ஊர்க் கால்நடைகளுக்குத் திறந்துவிடப்படும். ஆக, நிலம் ஒருவனுடையதாக இருந்தும் ஆண்டின் ஒரு பருவத்தில் ஊருடையதாயிற்று. கால்நடைகளுக்கு முன்னே, கதிர் பொறுக்கும் பெண்கள் உள்ளே வருவார்கள்.

இம்முறை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. நாட்டிங்காம் மாவட்டத்து லாக்ஸ்டன் என்னும் ஊரில் மட்டும் மூன்று பெருவயல்களும், அவற்றைக் கண்காணிக்கும் ஊர்மன்றமும் இன்றளவும் நடைமுறையில் உள்ளன. ஆண்டுதோறும் அறுவடைக்கும் விதைப்புக்கும் பின்னர், மன்றத்தார் வயலைச் சுற்றிவந்து, பொதுவழியை யாரேனும் உழுது சேர்த்துக்கொண்டார்களா எனப் பார்த்துத் தண்டம் விதிக்கின்றனர். 1635ஆம் ஆண்டு வரைந்த அவ்வூர்ப் படம் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1952இல் அரசின் வேளாண் அமைச்சகமும், 1981இல் அரச நிலவாரியமும் அவ்வூரைத் தம் பொறுப்பில் ஏற்றன. 2020இல் அது தோர்ஸ்பி பண்ணையாரிடம் சென்றது.

கதிர் பொறுக்குதல் ஒழுங்கற்ற கொள்ளை என்று எண்ணிவிடவேண்டாம். பல ஊர்களில் ஆலயமணியே அதற்கு நேரம் குறித்தது. காலை மணி ஒலிக்குமுன் எவரும் வயலில் கால்வைத்தல் கூடாது. மாலை மணிக்குப்பின் எவரும் நிற்றல் கூடாது. கைக்குழந்தையோடு வருபவளும் தள்ளாத மூதாட்டியும் பிந்திவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. வயலில் ஒரே ஒரு கட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் அறுவடை இன்னும் முடியவில்லை, உள்ளே வராதீர் என்று பொருள்; அதை அகற்றிவிட்டால் வழி திறந்தது. சில இடங்களில் பெண்கள் தமக்குள் ஒருத்தியை அரசியாகத் தேர்ந்து, சண்டை சச்சரவு வராமல் பார்த்துக்கொண்டனர். ஒரு தாயும் பிள்ளைகளும் சில வாரங்கள் குனிந்து பொறுக்கினால், ஆலையில் அரைத்த மாவு குளிர்காலத்தின் ஒரு பகுதிக்கு ரொட்டியாகும். அக்காலத்துக் கூலிக் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

இனி நீதிமன்றத்திற்கு வருவோம். அறுவடைக்குப்பின் ஏழைகள் பிறர் நிலத்தில் கதிர் பொறுக்குவதை நாட்டின் பொதுச்சட்டமும் வழக்காறும் அனுமதிக்கின்றன, அது மோசேயின் சட்டத்திலிருந்து பெறப்பட்ட மனிதநேய ஏற்பாடாகத் தோன்றுகிறது என்று பிளாக்ஸ்டன் என்னும் பெருஞ்சட்ட அறிஞர் 1768இல் எழுதியிருந்தார். நால்வருள் மூத்தவரான கூல்டு என்னும் நீதிபதி இதையும் விவிலியத்தையும் சான்று காட்டி, மேரி ஹோட்டன் செய்தது உரிமையே என்றார். மற்ற மூவரும் மறுத்தனர். தலைமை நீதிபதி லவ்பரோ பிரபு, உடைமை என்றாலே தனித்து அனுபவிப்பது என்று பொருள், அதில் பிறர்க்கு உரிமை இருத்தல் முரண் என்றார். யூதரின் அரசியல் சட்டங்கள் நம்மைக் கட்டுப்படுத்தா என்றார். கிறிஸ்தவ நெறியிலுங்கூட ஏழைக்கு உதவுவது சமயக் கடமையேயன்றிச் சட்டக் கடமையாகாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

இறுதியில் கூறிய இக்கருத்திடம் நாம் சற்றே நிற்கவேண்டியுள்ளது. கேட்பதற்கு இது பக்தியுள்ள சொல்லாகவே இருக்கிறது. நம் மறையுரைகளிலும் ஏறத்தாழ இதே சொல்லை நாம் வழங்குகிறோம் அல்லவா? ஆனால் அந்நாள் நீதிமன்றத்தில் இச்சொல் செய்த வேலை வேறு. கடமையை உள்ளத்திற்குள் அனுப்பிவிட்டு, வயலின் வாயிலை அது அடைத்துவிட்டது. நேற்றுவரை உரிமையோடு வந்தவள் இன்றுமுதல் பண்ணையாரின் தயவுக்குக் காத்திருப்பவள் ஆனாள். பொறுக்கிய கதிரின் அளவு ஒருவேளை குறையாதிருந்திருக்கலாம். பொறுக்கியவளின் நிலை மாறிவிட்டது. திருச்சபைத் தந்தையருள் புனித அம்புரோசு, நீ ஏழைக்குக் கொடுப்பது உன்னுடையதன்று, அவனுடையதைத் திருப்பித் தருகிறாய் என்ற கருத்தில் போதித்தவர். அவர் அந்த ஆயத்தில் அமர்ந்திருந்தால் கூல்டு தனித்திருக்கமாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அத்தீர்ப்பு வானத்திலிருந்து விழுந்ததன்று. அதே காலத்தில் நாடெங்கும் பெருவயல்களும் மேய்ச்சல் பொதுநிலங்களும் வேலியடைக்கப்பட்டு வந்தன. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் இதற்கென ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சட்டங்களை இயற்றியது. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்கு நிலம், இவற்றால் அடைபட்டது. இதனால் நன்மையே விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. தரிசுக்கு மாறாகக் கிழங்கும் தீவனப் புல்லும் பயிரிடும் புதிய முறை பரவிற்று. கால்நடை பெருகி, எருவும் பெருகிற்று. வளர்ந்துவந்த நகரங்களுக்கு உணவு கிடைத்தது. ஆனால் எழுத்தில் பத்திரம் இல்லாமல் வழக்கத்தால் மட்டும் ஒரு பசுவைப் பொதுநிலத்தில் மேய்த்தவனுக்குப் பங்கீட்டில் ஒன்றுமில்லை. சிறு பங்கு பெற்றவனோ வேலிச் செலவுக்கும் வழக்கறிஞர் செலவுக்கும் ஆற்றாமல் விற்றுவிட்டான். வேலியடைப்பை ஊர் ஊராகச் சென்று போற்றியவரும் அதே சஃபோக்கில் வாழ்ந்தவருமான ஆர்தர் யங், 1801இல் எழுதிய நூலொன்றில், ஏழைகளுக்கு நேர்ந்த இழப்பைக் கண்டு மனம் வருந்தி, தரிசு நிலத்தை அவர்களுக்கே அளிக்கவேண்டும் என்று வாதாடினார். அச்சொல் எடுபடவில்லை.

குருக்களும் இதில் ஒதுங்கி நின்றாரல்லர். பத்தில் ஒரு பங்கு காணிக்கைக்கு ஈடாக ஆங்கிலிக்கன் பங்குக் குருக்கள் பலர் பங்கீட்டில் கணிசமான நிலம் பெற்றனர். அது அவர்கள் சபையின் கதை என்று நாம் கைகழுவிவிட முடியாது. வட யார்க்‌ஷயரில் சிஸ்டர்சியன் துறவியர் 12ஆம் நூற்றாண்டிலேயே ஆட்டுமந்தைகளுக்காகச் சில ஊர்களைப் பெயர்த்தவர்கள். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தின் மீது அவ்வூரார் கொண்டிருந்த கசப்பு 1381ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் மடத்தின் துணைத்தலைவரின் தலையை வெட்டும் அளவுக்குச் சென்றது. மடங்களை எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை கலைத்தபோது அந்நிலங்கள் ஏழைகளுக்குச் செல்லவில்லை என்பது உண்மை. அதற்கு முன்பும் அவை ஏழைகளுடையனவாக இருந்ததில்லை என்பதும் உண்மையே. இதை முன்னரே கண்டு சொன்னவர் நம் புனித தாமஸ் மூர். 1516இல் வெளிவந்த ‘உட்டோப்பியா’வில், கம்பளிக்காக உழுநிலங்களை அழித்துக் குடியானவரைத் துரத்துவோரைச் சாடும்போது மடத்துத் தலைவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஒரு செய்தியை இங்கே இடையில் குறித்துச் செல்கிறோம். டிம்வொர்த்துக்கு அண்மையிலுள்ள கல்ஃபோர்டு, கார்ன்வாலிஸ் பிரபுவின் குடும்பச் சொத்து. அவ்வழக்கு நடந்த நாளில் அவர் கல்கத்தாவில் தலைமை ஆளுநராக இருந்தார். 1793இல் வங்காளத்தில் அவர் நிறுவிய நிலையான நிலவரித் திட்டம், 1802ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்து, இராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன்களை உருவாக்கிற்று. நிலத்துக்கு ஒரே உடையவன் இருக்கவேண்டும், ஏனையோர் அவன் தயவில் வாழவேண்டும் என்னும் எண்ணம் கப்பலேறிய வழி இதுவே.

கூலிகளாகிவிட்ட ஆங்கில உழவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. குளிர்கால வேலையாகிய கதிரடிப்பையும் இயந்திரங்கள் பறித்தபோது, 1830இல் கென்ட் மாவட்டத்தில் தொடங்கித் தென்னிங்கிலாந்து முழுவதும் அவற்றை உடைத்தனர். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் நாடுகடத்தப்பட்டனர். 1834இல் டோல்படில் என்னும் ஊரின் தொழிலாளர் அறுவர், சங்கம் அமைத்து உறுதிமொழி எடுத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் 1836இல் மன்னிப்புப் பெற்றனர். 1872இல் ஜோசப் ஆர்ச் என்பவர் நாடுதழுவிய விவசாயத் தொழிலாளர் சங்கத்தை எழுப்பினார். அவர் மெதடிஸ்ட் பொதுநிலைப் போதகர். தொழிலால் வேலி கட்டுவதில் பெயர்பெற்றவர்! அவ்வாண்டு டிசம்பரில் இலண்டன் எக்சிட்டர் மண்டபத்தில் அத்தொழிலாளர்களுக்காக நடந்த கூட்டத்தில் மேடையேறியவர்களுள் ஒருவர் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராயர் மேனிங். கத்தோலிக்கர்க்கு எதிரான முழக்கங்களுக்குப் பெயர்போன மண்டபம் அது. பின்னாளில் கர்தினாலான அவர், 1891இல் வெளிவந்த தொழிலாளர் பற்றிய திருத்தந்தையின் சுற்றுமடலை வரவேற்று மகிழ்ந்தவர். ஆர்ச் 1885இல் பாராளுமன்ற உறுப்பினரானார்.

தீர்ப்புக்குப் பின்னும் பெண்கள் வயலுக்குப் போவதை நிறுத்தவில்லை என்பதே இவ்வரலாற்றின் வியப்பு. சட்டம் தம் பக்கம் இருந்தும் பல பண்ணையார்கள் ஊர்ப்பகைக்கு அஞ்சி வாளாவிருந்தனர். துரத்த முயன்ற சிலரைப் பெண்களே கூடிநின்று விரட்டினர். ஆலயமணி 19ஆம் நூற்றாண்டு முழுவதும் சில ஊர்களில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவ்வழக்கத்தை இறுதியில் ஒழித்தவை அறுவடை இயந்திரங்களும், 1870களுக்குப்பின் அமெரிக்காவிலிருந்து மலிவாக வந்து குவிந்த கோதுமையும், மூடிப்போன ஊர் ஆலைகளுமே.

2010க்குப் பின்னர் பிரித்தானியாவில் தன்னார்வலர்கள் மீண்டும் வயல்களில் இறங்கத் தொடங்கியுள்ளனர். அங்காடிகள் அளவோ வடிவோ சரியில்லையெனத் தள்ளிவிட்ட முட்டைக்கோசையும் கிழங்கையும் ஆப்பிளையும் சேகரித்து, உணவு வழங்கும் அறநிலையங்களுக்கு அனுப்புகின்றனர். பொறுக்குவோர் பெரும்பாலும் நகரத்தார். உண்போர் வேறிடத்தில் வரிசையில் நிற்கின்றனர். வயலில் இறங்குமுன் நில உடைமையாளரின் அனுமதியை அவர்கள் முறைப்படி பெற்றுக்கொள்கின்றனர்.