நோயறிதல் மேலாண்மைக் குழு

நோயறிதல் மேலாண்மைக் குழு என்பது, சிக்கலான ஆய்வகச் சோதனைகளில் எவற்றைச் செய்யச் சொல்வது, வந்த முடிவுகளுக்கு என்ன பொருள் என்ற இரண்டிலும் சிகிச்சை தரும் மருத்துவருக்கு உதவும் வல்லுநர் குழு. இதை நோயியல் மருத்துவர் வழிநடத்துவார்.

தோற்றம்

அமெரிக்க நோயியல் மருத்துவர் மைக்கேல் லபோசாட்டா 1990களில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், இரத்த உறைதல் சோதனை முடிவுகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதித் தரும் சேவையை நடத்தினார். பின்னர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலும், கால்வெஸ்டனிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கிளையிலும் அது நோயறிதல் மேலாண்மைக் குழுவாக வளர்ந்தது. நோயறிதலில் நேரும் பிழைகளைப் பற்றி அமெரிக்கத் தேசிய அகாதமிகள் 2015இல் வெளியிட்ட அறிக்கையும், நோயியல் மருத்துவர்கள் நோயறியும் குழுவில் முழுப் பங்கு வகிக்க வேண்டும் என்றது.

செயல்படும் முறை

வல்லுநர்கள் குறித்த நேரத்தில் கூடி, நோயாளியின் மருத்துவப் பதிவேட்டையும் சோதனை முடிவுகளையும் சேர்த்துப் படிப்பார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், அந்த நோயாளிக்கே உரிய விளக்கத்தை எழுதிப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். தேவையற்ற சோதனையைத் தவிர்க்கவும், விடுபட்டதைச் சேர்க்கவும் பரிந்துரைப்பார்கள்.

எடுத்துக்காட்டு: இரத்த உறைதல்

ஏபிடிடி என்னும் உறைதல் நேரம் நீண்டிருந்தால் காரணம் பலவாக இருக்கலாம். முதலில் மாதிரியில் உறைவெதிர்ப்பு மருந்தான ஹெப்பாரின் கலந்துள்ளதா என்று பார்ப்பார்கள். இல்லையெனில் நோயாளியின் பிளாஸ்மாவுடன் இயல்பான பிளாஸ்மாவைச் சம அளவில் கலந்து சோதிப்பார்கள். நேரம் இயல்புக்குத் திரும்பினால் பெரும்பாலும் உறைதல் காரணி குறைபாடு. திரும்பாவிட்டால் உறைதலைத் தடுக்கும் பொருள் இருக்கக்கூடும்.

காரணி 8 குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ. இரத்தம் எளிதில் நிற்காது. காரணி 12 குறைந்தால் ஏபிடிடி மிகவும் நீண்டாலும் இரத்தப்போக்கு ஏற்படாது. தடுக்கும் பொருள்களில் ஒன்றான லூபஸ் உறைவெதிர்ப்பி, சோதனைக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தினாலும் உடலுக்குள் இரத்தக்கட்டி உண்டாகவே வழிசெய்யும். ஒரே முடிவு நேரெதிர் ஆபத்துகளைக் குறிப்பதால், எண்ணை மட்டும் அனுப்பினால் போதாது.

சோதிக்கும் வேளையும் முக்கியம். வார்ஃபரின் என்னும் உறைவெதிர்ப்பு மருந்தை உட்கொள்பவருக்கு, உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதம் சி, புரதம் எஸ் அளவுகள் குறைந்தே காணப்படும். அதைப் பிறவிக் குறைபாடு என்று தவறாக முடிவுசெய்ய நேரலாம்.

எளிய மாற்று

குழு இல்லாத இடங்களில் தொடர்வினைச் சோதனை ஓரளவு உதவுகிறது. எடுத்துக்காட்டாக, தைராய்டு சோதனையில் டிஎஸ்எச் அளவு இயல்பு எல்லையைத் தாண்டினால், ஆய்வகமே அதே மாதிரியில் ஃப்ரீ டி4 என்னும் தைராய்டு ஹார்மோன் அளவையும் பார்த்துவிடும். விதி வகுக்கக்கூடிய சோதனைகளுக்கு இது போதும். நோயாளியின் மருந்தும் வரலாறும் முடிவின் பொருளை மாற்றும் இடங்களில் வல்லுநரின் விளக்கம் தேவைப்படுகிறது.