ஆடியில் வாங்கிய சட்டை

ஆடித் திங்கள்! தெருவின் ஒரு முனையிலே, கூழ் வார்க்கும் பந்தலின் ஒலிபெருக்கி. மறுமுனையிலே, "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று அலறும் துணிக்கடையின் ஒலிபெருக்கி. இரண்டுக்கும் இடையே, புளியந்தோப்பிலிருந்து புறப்பட்ட இளைஞன் ஒருவன், மடியிலுள்ள பணத்தைத் தொட்டுப் பார்த்தபடி, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலை நோக்கி நடக்கிறான். அவனுக்கு ஒரு சட்டை வேண்டும். விலை படிந்தால் ஒரு கால்சட்டையும். இதற்கெல்லாம் ஏட்டிலே இடமா என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்தச் சட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. அதிலே பஞ்சாங்கமும் இருக்கிறது, பட்டினியும் இருக்கிறது, துப்பாக்கிக் குண்டும் இருக்கிறது.

ஆடியிலே ஏன் விலை குறைகிறது? நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம் என்பர் வைதிகர். ஆகாது என்று சொன்னவர் யார்? கேட்டால் பதிலில்லை. ஆடியிலே கருவுற்றால் சித்திரை வெயிலிலே பிள்ளை பிறக்கும், ஆகவே மணமக்களைப் பிரித்து வை என்று விளக்கம் மட்டும் வருகிறது. சித்திரையிலே பிறந்தோர் கோடிக்கணக்கில் நம்மிடையே உலவுகின்றனரே! உண்மைக் காரணம் வயலிலே கிடக்கிறது என்பதே நமது எண்ணம். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்றான் உழவன். கையிலிருந்த காசெல்லாம் விதையாகி மண்ணுக்குள் போய்விட்ட மாதத்தில் விருந்து ஏது, மணப்பந்தல் ஏது? காசில்லாத மாதத்துக்குத் தோஷமுள்ள மாதம் என்று பெயர் சூட்டிவிட்டனர், அவ்வளவுதான்.

மணமில்லையேல் பட்டில்லை, வேட்டியில்லை, மாப்பிள்ளைச் சட்டையுமில்லை. கடையிலோ சரக்கு தேங்கி நிற்கிறது. தீபாவளிக்குப் புதுச்சரக்கு இறக்க வேண்டும். அதற்கு இடமும் வேண்டும், முதலும் வேண்டும். துணி வணிகர் பஞ்சாங்கத்தோடு வாதிடவில்லை, விலையைக் குறைத்தார். தாலி வாங்க ஆகாத மாதம், சட்டை வாங்க உகந்த மாதமாயிற்று! நம்பிக்கை சிறிது தளர்ந்தது, நாத்திகத்தால் அல்ல, தள்ளுபடியால்!

இது நம் நாட்டுச் சூழ்ச்சி மட்டுமன்று. பாரிசு நகரிலே, 1852ஆம் ஆண்டு பான் மார்ஷே அங்காடியிலே பங்கு சேர்ந்த அரிஸ்டீடு பூசிகோ, பேரமில்லாத நிலையான விலையைப் புகுத்தினார். பண்டிகை முடிந்து கூட்டம் ஓய்ந்த குளிர்காலத்தில், வெள்ளைத் துணிகளுக்குத் தனி மலிவு விற்பனை நடத்தியதும் அந்த அங்காடிதான். அங்கே குளிரால் ஓய்வு, இங்கே ஆடியால் ஓய்வு.

ஆனால், பாரிசுக்கு இல்லாத ஓர் உறவு நம் வடசென்னைக்குத் துணியோடு உண்டு. 1639இல் பிரான்சிசு டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெருங்காரணம், இங்கே பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததே. கும்பெனியார் தள்ளுபடி தேடி வந்தவர்கள் என்றால் தவறாகாது! அவர்தம் துணியை வெளுத்தோர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூரை ஒட்டி, நெசவாளரைக் குடியேற்றி ஆளுநர் காலெட் அமைத்த ஊர், நம் நாவிலே காலடிப்பேட்டையாயிற்று. மெட்ராசு என்ற பெயர் தாங்கிய கட்டம்போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. 1950களின் இறுதியிலே அமெரிக்காவில் அது ஆடவர் சட்டையாயிற்று. சலவையிலே சாயம் கரைந்தது. சாயம் போவதே அதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டார்கள்! நம் கடைவீதியாருக்கும் அந்தத் துணிவு வராது.

புளியந்தோப்புக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் இப்பகுதியிலே எழுந்தன. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. சாயம் போகாத காக்கி நெய்து பட்டாளத்துக்கு அனுப்பிய ஆலைகள் அவை. நெய்தவனுக்கோ மாற்றுத் துணி அரிது. ஆலைத் தொழிலாளரின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு ஆகிய இரு வணிகர்கள். 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க.வும் துணை நின்றார்.

1921இல் வேலைநிறுத்தம். பசியைத் தாங்க மாட்டாத ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குள் சென்றனர். அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. முதலாளியை நோக்க வேண்டிய சினம், புளியந்தோப்புக் குடிசைகளை நோக்கித் திரும்பிற்று. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டிலே போலீசாரின் குண்டுக்குத் தொழிலாளர் பலியாயினர். ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்களைச் சாதி இரண்டாக்கிற்று; ஆலைக்காரர் அதிலே ஆதாயம் கண்டனர்.

அந்தக் குடிசைவாசிக்குச் சட்டை என்றால் என்ன? 1930 டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் விதித்தனர். ஆதிதிராவிட ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது! விலை கொடுக்க வக்கிருந்தாலும் வாங்கி அணிய உரிமையில்லை. அப்படிப்பட்ட சிற்றூர்களைவிட்டு வந்தோருக்கு, சட்டை அணிந்து ஆலைக்குப் போகும் பட்டணத்துத் தெருவே பெரும் விடுதலை. மலிவுச் சரக்கு என்று அதை ஏளனம் செய்வோர், மேலாடைக்காக ஒருநாளும் அடி வாங்காதவர்கள்.

தேக்கத்துக்கு வேறொரு முகமும் உண்டு. கைத்தறித் துணி விலைபோகாமல் நெசவாளர் பட்டினி கிடந்தபோது, 1953இல் அண்ணா திருச்சித் தெருக்களிலே துணியைத் தோளில் சுமந்து விற்றார். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக் காலத்தில் தருகின்ற தள்ளுபடியும் நெசவாளர் வீட்டு அடுப்பை நினைத்துத் தரப்படுவதே.

பின்னி ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது. ஆலைத் தொழிலாளியின் பேரன் இன்று அணிவது வேற்றூரிலே தைத்த ஆயத்தச் சட்டை; ஏற்றுமதிக்குத் தைத்து எஞ்சிய திருப்பூர்ப் பனியன்.

நம் இளைஞன் இப்போது மூன்றாவது கடையிலே நிற்கிறான். அட்டையிலே 999 அடித்து, 499 எழுதியிருக்கிறது. அவன் காலரைத் திருப்பித் தையலைப் பார்க்கிறான். பொத்தானை இழுத்துப் பார்க்கிறான். ஈர விரலால் உட்புறம் தேய்த்துச் சாயத்தையும் பார்த்துவிட்டான்.

"ஆனி மாசம் இதே சட்டை என்ன விலைங்க?" என்கிறான்.

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்க்கிறார்; சிரிக்கிறார்.

"சரி தம்பி, 450 குடுத்துட்டு எடுத்துக்கோங்க."